பழைய ஏ.எஸ். 400-க்கு முன்னால் ஒரு க்யூ வைத்தால் போதுமா?

9 ஜூன் 2025, கேள்வி

கோலாலம்பூர் செந்தூலில் ஒரு மொத்த வியாபார நிறுவனத்தில் வேலை செய்கிறேன். பில், ஸ்டாக், கணக்கு எல்லாமே பழைய ஏ.எஸ். 400-ல் (ஐ.பி.எம்.மின் வியாபாரக் கம்ப்யூட்டர்) ஓடுகின்றன. ஜூலை 1-லிருந்து நாங்களும் வரித்துறைக்கு மின்-விலைப்பட்டியல் அனுப்ப வேண்டும். வந்த ஆலோசகர், “பழையதைத் தொடவே வேண்டாம், நடுவில் ஒரு மெசேஜ் க்யூ (சிஸ்டங்களுக்கு இடையே செய்திகள் வரிசையில் காத்திருக்கும் இடம்) போட்டால் மூன்று வாரத்தில் சிஸ்டம் மாடர்ன் ஆகிவிடும்” என்கிறார். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். நம்பலாமா?

9 ஜூன், இரவு 10.40

மூன்று வாரம் எதற்கு, மூன்று நாளில்கூட க்யூ போட்டுவிடலாம். சிஸ்டம் மாடர்ன் ஆகுமா என்றால், இப்போதைக்கு என் பதில் “ஆகாது”.

நான் இருப்பது பினாங்கில். உணவுப்பொருள் விநியோக நிறுவனம், பெயர் வேண்டாம். 1999-ல் ஒய்2கே பயத்தில் ஆள் எடுத்தபோது ஏ.எஸ். 400-ன் ப்ரோகிராம் மொழியான ஆர்.பி.ஜி. தெரியும் என்று சொல்லி உள்ளே நுழைந்தேன். இரண்டு இலக்க வருடங்களைத் தேடிப் பிடித்துத் திருத்துகிற வேலை, ஆறு மாத ஒப்பந்தம். இன்னும் அங்கேதான் இருக்கிறேன். மின்-விலைப்பட்டியல் எங்களுக்கு இந்த ஜனவரி 1-லேயே வந்துவிட்டது (25 மில்லியன் வெள்ளிக்கு மேல், 100 மில்லியன் வரை விற்பனை உள்ளவர்களின் சுற்று).

முன்பெல்லாம் இரவு நாள்முடிவு வேலை ஓடி முடிந்ததும் ஒரு ஃபைல் உருவாகும், எஃப்.டி.பி.யில் கிடங்குக்குப் போகும். போகவில்லை என்றால் காலை ஏழு மணிக்குக் கிடங்கு மேற்பார்வையாளர் எனக்கு போன் செய்வார். அந்த போன்தான் எங்கள் மானிட்டரிங்.

இப்போது ஆர்டர் ஃபைலில் ஒரு ட்ரிகர் இருக்கிறது. ஆர்டர் மாறினால் அது ஏ.எஸ். 400-க்குள்ளேயே இருக்கும் ஒரு டேட்டா க்யூவில் சின்னக் குறிப்பு போடும். பின்னால் ஓடும் ஒரு ப்ரோகிராம் அதை எடுத்து, முழு விவரத்தையும் சேர்த்து, எம்.க்யூவில் (ஐ.பி.எம்.மின் மெசேஜ் க்யூ) மெசேஜாக வைக்கும். அந்தப் பக்கம் படிப்பவர்கள் மூன்று பேர்: மின்-விலைப்பட்டியல் சர்வர், கிடங்கின் கைக்கருவி சிஸ்டம், விற்பனையாளர்களின் ஆப். பழைய ப்ரோகிராம் ஒன்றிலும் கை வைக்கவில்லை. உங்கள் ஆலோசகர் சொல்வதும் இதைத்தான். அதில் பொய் இல்லை.

லாபமும் உண்மைதான். மைஇன்வாய்ஸ் (வரித்துறையின் மின்-விலைப்பட்டியல் தளம்) பக்கம் பதில் வரத் தாமதமானாலும் பில் போடுகிற பெண்ணின் பச்சைத் திரை உறைந்து நிற்காது. வைத்தவர் வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கலாம், எடுக்கிறவர் அப்போது விழித்திருக்க வேண்டும் என்று இல்லை. இது ஒன்றும் புதுச் சரக்கும் இல்லை. ஐ.பி.எம். இதை எம்.க்யூ.சீரீஸ் என்ற பெயரில் 1993-ல் வெளியிட்டது. இதே வகையில் ராபிட்.எம்.க்யூ வந்தது 2007, காஃப்கா 2011. உங்கள் ஆலோசகர் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோதே வங்கிகள் இதை வைத்துக் காசு அனுப்பிக்கொண்டிருந்தன.

மிச்சம் நாளைக்கு. காலையில் நாள்முடிவு ரிப்போர்ட் பார்க்க வேண்டும்.

10 ஜூன், காலை 8.15

“க்யூ போட்டால் வேகம் கூடுமா” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கூடாது.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறியிருக்கிறீர்களா? ஐந்நூற்றுச் சொச்சம் படி, பால்குடத்தோடு. மேலே பாலை வாங்கி அபிஷேகம் செய்கிறவர்கள் நான்கு பேர் என்றால் நான்கு பேர்தான். கீழே கம்பி கட்டி வரிசையை ஒழுங்குபடுத்தலாம், தள்ளுமுள்ளு இருக்காது, பால் சிந்தாது. அதற்காக மேலே இருப்பவர்களுக்கு ஐந்தாவது கை முளைக்காது. ஒரு மணி நேரக் கூட்டத்தை வரிசை தாங்கும். நாள் முழுக்க வருகிறவர்கள் போகிறவர்களைவிட அதிகமாக இருந்தால் வரிசை நீண்டுகொண்டே போகும், அவ்வளவுதான்.

10 ஜூன், மதியம் 1.05

சாப்பாட்டு நேரம். எங்கள் முதல் அனுபவத்தைச் சொல்கிறேன்.

போன நவம்பரில் சோதனை மெசேஜ் அனுப்பினோம். ஒரு ஆர்டரின் கட்டங்களை நெட்டுக்கோடு (|) போட்டுப் பிரித்திருந்தேன். அந்தப் பக்கம் வந்து சேர்ந்தது இது:

பி1042!பட்டர்வொர்த்!பால் டின்!40!அவசரம்!

ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு ஆச்சரியக்குறி. ஜாவா பக்கம் இருக்கிற தம்பி, “அக்கா, உங்க சிஸ்டம் எதைப் பார்த்தாலும் ஆச்சரியப்படுது” என்றான். எழுத்தும் எண்ணும் சரியாகவே வந்திருந்ததால் பிரித்தெடுக்கும் ப்ரோகிராமில்தான் தப்பு என்று ஒரு நாள் முழுக்க அவனைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

தப்பு என் பக்கம். ஏ.எஸ். 400 எழுத்துகளை எப்சிடிக் என்ற ஐ.பி.எம். குறிமுறையில் வைக்கிறது, அதிலும் பல குறிப்பக்கங்கள் (எந்தக் குறி எந்த எழுத்து என்ற அட்டவணைகள்) உண்டு. 37-ஆம் பக்கத்தில் ஹெக்ஸ் 4எஃப் என்றால் நெட்டுக்கோடு. 500-ஆம் பக்கத்தில் அதே 4எஃப் ஆச்சரியக்குறி. ஆங்கில எழுத்துகளும் எண்களும் இரண்டிலும் ஒரே இடத்தில் இருப்பதால் சந்தேகமே வராது. எங்கள் பழைய ஃபைல்களில் சி.சி.எஸ்.ஐ.டி. (குறிப்பக்க எண்) 65535 என்று இருந்தது, அதாவது “இதை மாற்றாதே, அப்படியே விடு”. அதனால் எந்தப் பக்கம் என்று மெசேஜ் வைக்கும் ப்ரோகிராமில் நானே கையால் எழுத வேண்டியிருந்தது. 37-க்கு எதிரில் அமெரிக்கா, கனடா என்றும் 500-க்கு எதிரில் சர்வதேசம் என்றும் போட்டிருந்தது. நாம் அமெரிக்கா இல்லையே, சர்வதேசம்தானே என்று 500 போட்டேன்.

பணக் கட்டம் இன்னும் மோசம். அது பாக்டு டெசிமல், எண்ணைச் சுருக்கி அடைக்கும் முறை: 123.45 வெள்ளி உள்ளே 12 34 5சி என்று மூன்று பைட்டில் கிடக்கும். கடைசி அரை பைட்டில் இருக்கும் ‘சி’ கூட்டல் குறி, ‘டி’ இருந்தால் கழித்தல். புள்ளி எங்கே என்று எங்கும் எழுதியிருக்காது, ப்ரோகிராமுக்கு மட்டும் தெரியும். இதை எழுத்து என்று நினைத்து மாற்றினால் கிடைப்பது குப்பை. மெசேஜ் வைப்பதற்கு முன்பே உங்கள் பக்கத்திலேயே எண்ணைச் சாதாரண எழுத்தாக்கி, புள்ளியும் போட்டு அனுப்புங்கள். “மிடில்வேர் பார்த்துக்கொள்ளும்” என்று விடாதீர்கள்.

12 ஜூன், இரவு 9.30

இரட்டை மெசேஜ்.

மார்ச் மாதம், நோன்பு நேரம். பால் டின்னுக்குக் கிராக்கி. புக்கிட் மெர்தாஜாமில் ஒரு சாப்பாட்டுக்கடைக்கு 40 பெட்டி ஆர்டர். எங்கள் ப்ரோகிராம் மெசேஜை வைத்தது, “வந்து சேர்ந்தது” என்ற பதில் வருவதற்குள் லைன் அறுந்தது. பதில் வரவில்லை என்றால் திரும்ப அனுப்பு என்று நான்தான் எழுதியிருந்தேன். அனுப்பியது. கிடங்கில் இரண்டு ஆர்டர். லோரியில் 80 பெட்டி.

கடை முதலாளி போன் செய்தார். “என்னம்மா, ஒண்ணு வாங்கினா ஒண்ணு ஃப்ரீயா? முன்னாலேயே சொல்லியிருந்தா 80 கேட்டிருப்பேனே, 160 வந்திருக்கும்.”

பழைய ஃபைல் காலத்தில் இந்தப் பிரச்சினை வந்ததே இல்லை. ஏன் என்று யோசித்தபோதுதான் புரிந்தது: இரவில் ஃபைலை இரண்டு முறை அனுப்பினாலும் இரண்டாவது ஃபைல் முதல் ஃபைலின் மேலேயே உட்கார்ந்துகொள்ளும், ஒரே பெயர். யாரும் திட்டமிட்டுச் செய்த பாதுகாப்பு இல்லை, அப்படி அமைந்துவிட்டது. அதை எடுத்துவிட்டுப் புதுசாக ஒன்றை வைத்தபோது அந்தப் பாதுகாப்பும் கூடவே போனது எனக்குத் தெரியவில்லை.

மருந்து சுலபம். ஒவ்வொரு மெசேஜிலும் ஆர்டர் எண்ணும் அந்த ஆர்டர் எத்தனையாவது முறை மாறியது என்ற எண்ணும் இருக்கும். வாங்குகிறவர் இந்த ஜோடியை ஒரு டேபிளில் எழுதி வைப்பார். ஏற்கெனவே இருந்தால் “பார்த்தாச்சு” என்று விட்டுவிடுவார். இது வாங்குகிறவரின் வேலை, க்யூவின் வேலை இல்லை. “எங்கள் க்யூவில் ஒரு மெசேஜ் ஒரே ஒரு முறைதான் போகும்” என்று விற்க வருகிறவரிடம், லைன் அறுந்தால் என்ன ஆகும் என்று மட்டும் கேளுங்கள்.

12 ஜூன், இரவு 9.52

80 பெட்டியையும் அவரே வைத்துக்கொண்டார், நோன்புப் பெருநாளுக்குள் தீர்ந்துவிட்டதாம். அதனால் இந்தத் தவறு எங்கள் மாத விற்பனையில் சாதனையாகப் பதிவாகியிருக்கிறது. மேலாளரிடம் சொல்லிவிடாதீர்கள்.

15 ஜூன்

9-ஆம் தேதி ட்ரிகர் பற்றி எழுதியதில் ஒரு ஓட்டை இருக்கிறது என்று ஒருவர் பிடித்திருக்கிறார். சரியாகத்தான் பிடித்திருக்கிறார்.

டேட்டா க்யூ கமிட்மென்ட் கண்ட்ரோலுக்குள் (எல்லாம் சேர்ந்து பதிவாகும், இல்லையென்றால் எதுவுமே பதிவாகாது என்ற ஏற்பாடு) வராது. ஆர்டரை எழுதி, ட்ரிகர் குறிப்பைப் போட்டு, அப்புறம் ஏதோ தவறென்று ஆர்டரை ரோல்பேக் செய்தால் ஆர்டர் மறைந்துவிடும், குறிப்பு மட்டும் நிற்கும். இல்லாத ஆர்டருக்கு ஒரு மெசேஜ். பேய் மெசேஜ் என்று வைத்துக்கொள்ளுங்கள். சரியான வழி, டேட்டா க்யூவுக்குப் பதில் ஒரு சாதாரண ஃபைல் வைத்து, ஆர்டரையும் மெசேஜையும் ஒரே கமிட்டில் இரண்டு ஃபைலிலும் எழுதுவது. இன்னொரு ப்ரோகிராம் அந்த இரண்டாவது ஃபைலைப் படித்து எம்.க்யூவில் வைக்கும். அவுட்பாக்ஸ் என்பார்கள். இல்லையென்றால் ஜர்னலிலிருந்தே (ஃபைலில் நடந்ததை சிஸ்டமே குறித்து வைக்கும் பதிவு) மாற்றங்களைப் படிக்கலாம், அதற்கென்றே கருவிகள் இருக்கின்றன.

எங்களுக்கு ஏன் பேய் வரவில்லை என்றும் கேட்டிருக்கிறார். எங்கள் பழைய ப்ரோகிராம்களில் கமிட்டே கிடையாது. அதனால் ரோல்பேக்கும் கிடையாது. பாதியில் விழுந்தால் பாதி ஆர்டர் அப்படியே கிடக்கும், மறுநாள் நான் கையால் சரிசெய்வேன். பெருமைப்பட ஒன்றும் இல்லை, ஆனால் பேயும் இல்லை.

16 ஜூன், காலை

வரிசைமாற்றம் பற்றிச் சுருக்கமாக.

வேகம் வேண்டும் என்று கிடங்குப் பக்கம் மூன்று வாசகர்களை (மெசேஜ் எடுக்கும் ப்ரோகிராம்களை) ஒரே க்யூவில் விட்டோம். ஒரு வாடிக்கையாளர் ஆர்டர் போட்டார், இரண்டு நிமிடத்தில் ரத்து செய்தார். ஆர்டர் மெசேஜை எடுத்த வாசகர் மந்தம், ரத்தை எடுத்தவர் சுறுசுறுப்பு. “ரத்து செய்யவா? அப்படி ஒரு ஆர்டரே இல்லையே” என்று ரத்து குப்பைக்குப் போனது. அப்புறம் ஆர்டர் வந்து உட்கார்ந்தது. சரக்கும் போனது.

காஃப்கா என்றால் ஆர்டர் எண்ணையே சாவியாக வைத்தால் ஒரு ஆர்டரின் எல்லா மெசேஜும் ஒரே பகுதிக்குள் வரிசையாக விழும், அந்தப் பகுதியை ஒரு குழுவில் ஒருவர்தான் படிப்பார். நாங்கள் எம்.க்யூவில் மூன்று க்யூ வைத்து ஆர்டர் எண்ணின் கடைசி இலக்கத்தைப் பார்த்துப் பிரித்தோம், க்யூவுக்கு ஒரே வாசகர். அழகில்லை, ஓடுகிறது.

21 ஜூன்

இன்று சனிக்கிழமை, நிதானமாக எழுதலாம். நாள்முடிவு வேலை.

எங்கள் சிஸ்டம் இரவு 11 மணிக்குக் கடையை மூடும். திரைகள் எல்லாம் வெளியேறும், ஃபைல்கள் பூட்டப்படும், பேட்ச் ஓடும், முப்பது நாற்பது நிமிடத்தில் திறக்கும். மாதக் கடைசி என்றால் நான்கு மணி நேரம்கூட ஆகும். ஆப் வைத்திருக்கிற விற்பனையாளருக்கு இது தெரியாது. இரவு பன்னிரண்டு மணிக்கு வீட்டில் உட்கார்ந்து அன்றைய ஆர்டர்களை ஏற்றுவார். அவை உள்ளே வரும் க்யூவில் காத்திருக்கும். க்யூவே அதற்குத்தானே.

ஆனால் எம்.க்யூவில் ஒரு க்யூவை உருவாக்கும்போது எதுவும் சொல்லாவிட்டால் அதன் ஆழம் 5000 மெசேஜ். நானும் எதுவும் சொல்லவில்லை. பிப்ரவரி மாதக் கடைசி இரவு க்யூ நிரம்பியது. அனுப்புகிறவருக்கு 2053 என்ற பதில் போனது: க்யூ நிறைந்துவிட்டது. அனுப்பும் ப்ரோகிராமை எழுதியவர் அந்தப் பதிலை ஒரு லாக் ஃபைலில் எழுதிவிட்டு “நன்றி, ஆர்டர் ஏற்கப்பட்டது” என்று திரையில் காட்டியிருந்தார்.

காலையில் அந்த லாக்கைத் திறந்தபோது 2053, 2053, 2053 என்று பக்கம் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. விற்பனையாளர்களுக்கு ஒவ்வொருவராக போன் போட்டு நேற்று ராத்திரி என்ன ஏற்றினீர்கள் என்று கேட்டு எழுதினேன். அதில் ஒருவர், “இதுக்குத்தான் நான் இன்னும் நோட்டுப் புஸ்தகத்துல எழுதறேன்” என்றார். அவருடைய ஆர்டர் ஒன்றும் தொலையவில்லை.

22 ஜூன்

நேற்று எழுதியதைத் தம்பி படித்துவிட்டுத் திருத்தினான். பிப்ரவரியில் க்யூ நிரம்பியதற்குப் பேட்ச் மட்டும் காரணம் இல்லை, பேட்ச் முடிந்த பிறகும் க்யூ குறையவில்லை என்கிறான். லாக்கைத் திரும்பப் பார்த்தேன். அவன் சொல்வது சரி.

வரிசையின் முதலில் நின்ற ஒரே ஒரு மெசேஜ். அதில் கடைப் பெயர்க் கட்டத்தில் யாரோ வாட்சாப்பிலிருந்து சீன எழுத்துகளை வெட்டி ஒட்டியிருந்தார்கள். எங்கள் ப்ரோகிராம் அதை எடுக்கும், மாற்ற முடியாமல் விழும், மெசேஜ் க்யூவுக்கே திரும்பும். மறுபடி எடுக்கும், மறுபடி விழும். விடிய விடிய அதையே எடுத்துக்கொண்டிருந்தது, பின்னால் இருந்தவர்கள் நின்றுகொண்டே இருந்தார்கள். எத்தனை முறை திரும்பி வந்தது என்று எம்.க்யூ எண்ணி மெசேஜின் தலைப்பிலேயே வைக்கும். அந்த எண்ணைப் பார்த்து, மூன்றுக்கு மேல் போனால் வேறு க்யூவில் ஒதுக்கு என்று ப்ரோகிராம் எழுதுகிறவர்தான் செய்ய வேண்டும். அதாவது நான்.

ஒதுக்கி வைக்கும் க்யூவை எங்கள் ஆபீசில் “சாவுப் பெட்டி” என்கிறோம். இப்போது தினமும் காலை பத்து மணிக்கு அதைத் திறப்பது ஒரு பெண்ணின் வேலை, அவள் பெயர் சுவரில் ஒட்டியிருக்கிறது. முதல் முறை திறந்தபோது உள்ளே 212 கிடந்தன. அதில் பாதிக்கும் மேல் ஒரே காரணம்: 2015-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது ஃபைலில் சேர்த்த வரிக்குறிக் கட்டம், 2018 செப்டம்பரில் எஸ்.எஸ்.டி. (விற்பனை, சேவை வரி) திரும்ப வந்த பிறகு காலியாகக் கிடந்தது. கிடங்குக்காரர்கள் அதில் லோரி எண்ணை எழுத ஆரம்பித்திருந்தார்கள். மின்-விலைப்பட்டியல் சர்வர் அதை வரிக்குறி என்று நினைத்து, பி.க்யூ.ஆர். என்று தொடங்கும் ஒரு வரியைத் தேடித் தேடிக் களைத்திருந்தது.

22 ஜூன், மாலை

ஜூலைக்குத் தயாராகிறவர்களுக்கு ஒன்று: மைஇன்வாய்ஸுக்கு அனுப்பும் தேதியும் நேரமும் யு.டி.சி.யில் (உலகப் பொது நேரம்) இருக்க வேண்டும், நம் நேரத்துக்கு எட்டு மணி நேரம் பின்னால். காலை 7.30-க்குப் போட்ட பில் முந்தின நாள் இரவு 11.30 என்று போகும். ஒன்றாம் தேதி காலை பில் போன மாதத்தில் விழும். எங்கள் கணக்காளர் இதைப் பார்த்துவிட்டு அரை நாள் என்னோடு பேசவில்லை. கழிக்கிற வேலையை ஒரே இடத்தில் மட்டும் செய்யுங்கள். நாங்கள் ஏ.எஸ். 400-லும் கழித்து சர்வரிலும் கழித்து, பதினாறு மணி நேரம் பின்னால் ஒரு நாடு கண்டுபிடித்தோம்.

28 ஜூன்

இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். வெட்கத்தில் தள்ளிப்போட்டேன்.

ஏப்ரலில் கிடங்கிலிருந்து புகார்: “க்யூ மெதுவு.” காலையில் போட்ட ஆர்டர் மறுநாள் காலை ஏழு மணிக்குத்தான் கைக்கருவியில் தெரிகிறது. எல்லா ஆர்டரும் இல்லை, சில மட்டும். மெசேஜின் தலைப்பைப் பார்த்தோம். வைத்த நேரம் மதியம் 3 மணி. எடுத்தது மறுநாள் ஏழு என்றால் பதினாறு மணி நேரம் எங்கேயோ கிடந்திருக்கிறது! இரண்டு வாரம் க்யூவைக் குடைந்தோம். வாசகர்களைக் கூட்டினோம், சேனலை மாற்றினோம், வெளியிலிருந்து ஒருவரைக் கூப்பிட்டுக் காசும் கொடுத்தோம்.

எம்.க்யூ தலைப்பில் இருக்கும் நேரம் கிரீன்விச் நேரம், அதே யு.டி.சி. மதியம் 3 என்பது நம் இரவு 11. மெசேஜ் இரவு 11-க்கு வைக்கப்பட்டு, ஒரு நொடிக்குள் எடுக்கப்பட்டிருக்கிறது. கிடங்கில் ஆள் வந்து கைக்கருவியைத் திறப்பது காலை ஏழு மணிக்கு. க்யூ மேல் ஒரு தப்பும் இல்லை. (இது தெரிந்திருந்தும் 22-ஆம் தேதி யு.டி.சி. பற்றி உங்களுக்குப் பாடம் எடுத்தேன் பாருங்கள்.)

சரி, காலையில் போட்ட ஆர்டர் ஏன் இரவு 11 மணி வரை வெளியே வரவில்லை? தாமதமான ஆர்டர்களில் எல்லாம் நிலைக் கட்டத்தில் 7 என்று இருந்தது. 7 இருந்தால் ப்ரோகிராம் ஆர்டரைப் பிடித்து வைத்து நாள்முடிவில்தான் விடுகிறது. ஏன் என்று எந்தக் குறிப்பிலும் இல்லை. நான் வந்த 1999-லேயே அது அங்கே இருந்தது. ‘ஏதோ காரணம் இருக்கும்’ என்று நானும் 26 வருடம் அதைச் சுற்றியே நடந்திருக்கிறேன்.

அந்த ப்ரோகிராமை எழுதிய அங்கிள் ஓய்வு பெற்று ஆயர் ஈத்தாமில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் பக்கத்துக் கோப்பிக்கடையில் போய்ப் பார்த்தேன். எண்பதை நெருங்குகிறார். தாளில் அச்சடித்து எடுத்துப் போயிருந்தேன். கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு, விரலால் வரி வரியாகத் தடவிக்கொண்டே வந்தவர், 7-ல் நின்றார். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார்.

“ஃபெர்ரி.”

1984-ல், ஏ.எஸ். 400-க்கு முந்தின சிஸ்டம் 36-ல் அவர் எழுதியது. தீவையும் அக்கரைப் பெருநிலத்தையும் இணைக்கும் பினாங்குப் பாலம் திறந்தது 1985-ல். அதுவரை தீவிலிருந்து லோரி அக்கரைக்குப் போக வேண்டுமானால் ஃபெர்ரியில்தான் ஏற வேண்டும். அப்போது எங்கள் கிடங்கு தீவில், வெல்ட் கீ பக்கம் இருந்தது. அக்கரை ஆர்டர்களைத் தனித்தனியாக அனுப்பினால் கட்டாது, எல்லாவற்றையும் இரவில் சேர்த்து, மறுநாள் முதல் ஃபெர்ரியில் ஒரே லோரியாக அனுப்புவார்கள். அதற்குத்தான் 7. ஏ.எஸ். 400 வந்தபோது ப்ரோகிராம்கள் அப்படியே மாறின, 7-ம் கூடவே வந்தது.

இப்போது எங்கள் கிடங்கு பிறையில் இருக்கிறது. அக்கரையிலேயே. ஆக, கிடங்கிலிருந்து ஐந்து கிலோமீட்டரில் இருக்கிற பட்டர்வொர்த் கடைக்கு மறுநாள், பாலம் தாண்டிப் போக வேண்டிய ஜார்ஜ்டவுன் கடைக்கு அன்றே. இத்தனை வருடம் இப்படித்தான் நடந்திருக்கிறது. இரவு ஃபைல் காலத்தில் எல்லாமே மறுநாள்தான் என்பதால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. க்யூ வந்து மற்றதெல்லாம் நொடியில் போக ஆரம்பித்த பிறகுதான் 7 பின்தங்கி நின்று கண்ணில் பட்டது.

கோப்பிக் காசை அங்கிளே கொடுத்தார். “என் பக் இல்லை, பாலம் கட்டினவனைக் கேள்” என்றார்.

29 ஜூன்

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு, “அப்படியானால் எல்லாவற்றையும் தூக்கிவிட்டுப் புதுசாக எழுதுவதுதானே” என்று ஒருவர். எனக்கும் ஒரு வாரம் அந்த ஆசை இருந்தது.

ஒரேயடியாகத் தூக்காமல் மெதுவாக மாற்றுகிற வழிக்கு மென்பொருள் எழுத்தாளர் மார்ட்டின் ஃபௌலர் 2004-ல் ‘ஸ்ட்ராங்லர்’ (நெரிக்கும் மரம்) என்று ஒரு பெயர் வைத்தார். ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து காட்டில் பார்த்த அத்தி இன மரத்திலிருந்து எடுத்தது: வேறொரு மரத்தின் உச்சியில் முளைத்து, வேரைக் கீழே இறக்கி, மெதுவாக அந்த மரத்தைச் சூழ்ந்து, கடைசியில் அதன் இடத்திலேயே நிற்கும். நமக்கு இதற்கு ஆஸ்திரேலியா போக வேண்டாம். பனையைப் பிடித்துக்கொண்ட ஆலமரத்தை ஊரில் பார்த்தவர்கள் உண்டு. ஜார்ஜ்டவுனில் கைவிட்ட கடைவீட்டுச் சுவர்களில் அரசங்கன்று முளைத்து நிற்பதைத் தினமும் பார்க்கிறோம். பழைய சிஸ்டத்தை ஓடவிட்டு, ஒவ்வொரு வேலையாக வெளியே எடுப்பது. க்யூதான் கீழே இறங்குகிற வேர்.

ஆனால் சுவரில் முளைத்த அரசை நீங்கள் பிடுங்கிப் பார்த்திருக்கிறீர்களா? சில சுவர்கள் அந்த வேரால்தான் நிற்கின்றன. நாங்கள் வெளியே எடுத்தது இதுவரை விலைப்பட்டியல் மட்டும். கடன் வரம்பு, தள்ளுபடி, திரும்பி வந்த சரக்கு எல்லாம் உள்ளேயே இருக்கின்றன, அவற்றுக்குள் எத்தனை 7 இருக்கிறதோ. ஆலோசகருக்கு மூன்று வாரம் போதும், அவருக்கு 7 தெரியாது.

காஃப்காவா எம்.க்யூவா என்று கேட்டவருக்கு: உங்கள் ஆட்களுக்கு எது தெரியுமோ அது. காஃப்காவில் படித்த பிறகும் மெசேஜ் குறித்த காலம் வரை இருக்கும், திரும்ப ஓட்டிப் பார்க்கலாம். 80 பெட்டி நாளில் அது எனக்கு உதவியிருக்கும். எம்.க்யூவில் எடுத்தால் போய்விடும். எங்களிடம் எம்.க்யூ தெரிந்த ஆள் ஒருவர் இருந்தார், அதனால் எம்.க்யூ.

3 ஜூலை, இரவு

7 பற்றி ஒரு திருத்தம்.

திங்கட்கிழமை 7-ஐ எடுத்துவிட்டோம். அக்கரை ஆர்டர்களும் உடனே போக ஆரம்பித்தன. செவ்வாய் மதியம் கிடங்கு மேற்பார்வையாளர் நேரிலேயே வந்துவிட்டார். நாள்முடிவில் 7 ஆர்டர்களை விடும்போது பழைய ப்ரோகிராம் அவற்றை அஞ்சல் குறியீட்டு வரிசையில் அடுக்கித் தந்திருக்கிறது, ஃபெர்ரியிலிருந்து இறங்கிய லோரி போகும் பாதைக்காக. காலையில் லோரி ஏற்றுகிறவர்கள் அந்த அடுக்கை நம்பியே ஏற்றி வந்திருக்கிறார்கள். இப்போது ஆர்டர் வந்த வரிசையில் ஏற்றி, நிபோங் திபாலுக்குப் போய்விட்டு பட்டர்வொர்த்துக்குத் திரும்பி வந்திருக்கிறது ஒரு லோரி.

ஆக 7-ஐத் திரும்ப வைத்துவிட்டோம். ஆனால் நாள்முடிவு வரை பிடிப்பதில்லை, ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை அடுக்கி விடுகிறோம். அங்கிளுக்கு போனில் சொன்னேன். ஒரு மணி நேரத்துக்கு ஒரு ஃபெர்ரியா என்று கேட்டார்.

செந்தூல்காரருக்கு: நீங்கள் அனுப்பிய மெசேஜ் மாதிரியைப் பார்த்தேன். கட்டங்களுக்கு நடுவில் எல்லாம் ஆச்சரியக்குறி. அனுப்பும் ப்ரோகிராமில் 500 என்று இருக்கும், 37 ஆக்குங்கள். மற்றது அப்புறம்.